தாத்தாவின் பேச்சு, பால்வெட்டு, திருவிழா: 2,000 வெள்ளிக்குள் காணொளிக்கு எந்தக் கேமரா?

சிப்புட் பேரன்

அனைவருக்கும் வணக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். கையில் 2,000 வெள்ளி (ரிங்கிட்) சேர்ந்திருக்கிறது. காணொளி எடுக்க ஒரு கேமரா வாங்க வேண்டும். புகைப்படம் இரண்டாம் பட்சம்தான். இதுவரை கைப்பேசியைத் தவிர வேறு எதையும் தொட்டதில்லை.

முதலில் பதிவு செய்ய நினைப்பது என் தாத்தாவை. 1948 ஜூன் 16 அன்று எங்கள் ஊருக்குப் பக்கத்துத் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டு, அதைத் தொடர்ந்து அவசரகாலம் வந்ததே, அப்போது அவர் சிறுவன். லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) அன்று யார் என்ன பேசினார்கள் என்பதைக்கூட இன்றும் சொல்வார். எங்களுக்கெல்லாம் கேட்டுக் கேட்டு மனப்பாடம் ஆகிவிட்டது. ஆனால் ஒரு வரிகூட எங்கும் பதிவாகவில்லை.

அடுத்து, எங்கள் பக்கம் இன்னும் ரப்பர் மரத்தில் பால் வெட்டும் சிலர். சுற்றிலும் செம்பனை வந்துவிட்டது. சிறு தோட்டங்களில்தான் பால்மரம் மிச்சம். அந்தக் கைகளின் வேலையைப் பக்கத்தில் நின்று எடுக்க வேண்டும். பிறகு கோயில் திருவிழா: உறுமி மேளம், இரவில் தீமிதி.

கடையில் கேட்டால், 4கே (மிகக் கூர்மையான காணொளித் தரம்) இல்லாத கேமராவை இனி வாங்கவே கூடாது என்கிறார்கள். புதிய கேமராவும் லென்ஸும் சேர்ந்தால் என் தொகையைத் தாண்டிவிடுகிறது. என்ன செய்யலாம்?

தைப்பிங் மழை

தம்பி, முதலில் உங்கள் கைப்பேசி என்ன ரகம் என்று சொல்லுங்கள். கடந்த நான்கைந்து ஆண்டுகளில் வந்த நடுத்தரக் கைப்பேசி என்றால், பகல் வெளிச்சத்தில் அதன் படத்துக்கும் நுழைவுநிலைக் கேமராவின் படத்துக்கும் பெரும்பாலோருக்கு வித்தியாசம் தெரியாது. பிளாக்மேஜிக் கேமரா என்ற இலவசச் செயலி ஐபோனுக்கும் ஆண்ட்ராய்டுக்கும் இருக்கிறது. ஷட்டர் வேகம், ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு), விநாடிக்கு எத்தனை சட்டகம் (ஃபிரேம்) என்பதையெல்லாம் கையால் வைக்கலாம். உங்கள் கைப்பேசியில் அது ஓடுமா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். 2,000 வெள்ளியைக் கொட்டுவதற்கு முன் அதில் பழகிப் பாருங்கள்.

கிள்ளான் வாசி

கைப்பேசி தீமிதிக்கு ஆகாது. இரவு, நெருப்பு, தூரம் மூன்றும் சேர்ந்தால் படம் குழைந்துவிடும். கயிறு கட்டித் தள்ளி நிறுத்துவார்கள். இரண்டு விரலால் திரையை இழுத்துப் பெரிதாக்கினால் முகமே தெரியாது. கேமராதான் வேண்டும். என் ஓட்டு பானசோனிக் லூமிக்ஸ் ஜி7-க்கு. 2015-இல் வந்தது என்றாலும் 4கே உண்டு, மைக் துளை உண்டு, திரை பக்கவாட்டில் திரும்பும். பழையதாக வாங்கினால் உங்கள் தொகைக்குள் தாராளமாக அடங்கும்.

ஈப்போ ஒளி

கல்யாணம், காதணி விழா, புதுமனைப் புகுவிழா என்று ஈப்போ வட்டாரத்தில் நெடுநாளாக ஒளிப்பதிவு செய்கிறேன். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தம்பி, உங்கள் பட்டியலில் முதலில் நிற்பது ஒரு மனிதரின் பேச்சு. பேச்சுக்கு ஒலிதான் உயிர். படம் சற்று மங்கினாலும் பேரப்பிள்ளைகள் பார்ப்பார்கள். சொல் புரியாவிட்டால் இரண்டு நிமிடத்தில் மூடிவிடுவார்கள். அதனால் கேமராவில் நான் முதலில் பார்ப்பது மைக் துளை இருக்கிறதா என்பதைத்தான். அது இல்லாத கேமரா எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் தொடாதீர்கள். கேமராவுக்குள் இருக்கும் சிறு மைக், தாத்தாவின் குரலோடு மின்விசிறி, பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சி, லென்ஸ் திரும்பும் கிறுகிறுப்பு எல்லாவற்றையும் வாரிக்கொள்ளும்.

நூறு வெள்ளிக்குள் சட்டைக் காலரில் மாட்டும் கம்பி மைக் கிடைக்கிறது. போயா பிஒய்-எம்1 பலரும் பயன்படுத்துவது. கம்பி ஆறு மீட்டர் நீளம். கைப்பேசிக்கும் கேமராவுக்கும் மாற்றிக்கொள்ள அதிலேயே ஒரு விசை உண்டு. உள்ளே எல்ஆர்44 என்ற பொத்தான் பேட்டரி ஒன்று போடவேண்டும். கூடுதலாக இரண்டு வாங்கி வையுங்கள். புதிய கைப்பேசிகள் பலவற்றில் அந்தப் பழைய வட்டத்துளை கிடையாது. அப்படியானால் இணைப்பி ஒன்று வேண்டும். கடைக்காரரிடம் கேட்கும்போதே இது மைக்குக்கு என்று சொல்லி வாங்குங்கள். பாட்டுக் கேட்பதற்கு மட்டும் உதவும் இணைப்பிகளும் உண்டு.

இப்போது கேமரா. ஜி7 நல்ல கருவி, மறுக்கவில்லை. அதன் பலவீனம் குவியம் (ஃபோகஸ்). காணொளி ஓடும்போது அது முன்னும் பின்னும் தேடும். தாத்தா பேச்சின் உச்சத்தில் சற்று முன்னால் சாய்வார். அந்த நேரம் பார்த்துக் கேமரா பின்சுவரைத் தேடிக்கொண்டிருக்கும். கையால் குவியம் வைக்கத் தெரிந்தவருக்கு அது பிரச்சினையில்லை. முதல் கேமரா வாங்குபவருக்கு அது தலைவலி.

அதனால் என் பரிந்துரை, பழைய கேனன் 200டி. 2017-இல் வந்தது. டூயல் பிக்சல் என்ற குவிய முறை இருக்கிறது. முகத்தைப் பிடித்தால் விடாது. திரையை முன்பக்கமாகத் திருப்பலாம், மைக் துளை உண்டு. 4கே கிடையாது. கேமராவும் அதோடு வரும் கிட் லென்ஸும் வாங்கிய பிறகு மைக், டிரைபாட், இன்னொரு லென்ஸ் ஆகியவற்றுக்கு உங்கள் தொகையில் இடம் மிஞ்சும். அந்த மிச்சம்தான் முக்கியம்.

கிள்ளான் வாசி

அண்ணா, இந்தக் காலத்தில் 4கே-க்குக் கீழான 1080 தரத்தில் எடுக்கச் சொல்வது சரியா? இது ஆவணம். இருபது ஆண்டு கழித்துப் பார்க்கும்போது 4கே இல்லையே என்று தோன்றாதா?

ஈப்போ ஒளி

நியாயமான கேள்வி. எல்லாம் சமமாக இருந்தால் நானும் 4கே என்றுதான் சொல்வேன். இந்த விலையில் சமமாக இருப்பதில்லை. கேனன் எம்50-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 2018-இல் வந்தபோது பெட்டியிலேயே 4கே என்று போட்டிருந்தார்கள். அதில் 4கே-க்கு மாற்றியவுடன் படத்தின் ஓரங்கள் வெட்டப்பட்டு எல்லாம் ஒன்றரை மடங்கு பெரிதாகிவிடும். லயத்து வீட்டு முன்னறையில் சுவரில் முதுகை ஒட்டி நின்றாலும் தாத்தாவின் தலை மட்டும்தான் சட்டகத்தில் அடங்கும். அதோடு அந்த நல்ல குவிய முறையும் 4கே-இல் வேலை செய்யாது. 1080-இல் அதே கேமரா அருமையாக எடுக்கும்.

பிறகு சேமிப்பு. விநாடிக்கு 100 மெகாபிட் அளவில் 4கே எடுத்தால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி. 30 மெகாபிட் அளவில் 1080 எடுத்தால் 13.5 ஜிபி. தாத்தா பத்து மணி நேரம் பேசினால் எவ்வளவு என்று பெருக்கிப் பாருங்கள். அதை இரண்டு பிரதியாக வேறு வைக்க வேண்டும். வீட்டுக் கணினி 4கே-ஐத் தொகுக்கும்போது திணறுமா என்பதையும் பார்க்கவேண்டும்.

சோனி ஸெட்வி-இ10, கேனன் ஆர்50, நிக்கான் இஸட்30 மூன்றிலும் 4கே உருப்படியாக இருக்கிறது. கையில் இன்னொரு ஆயிரத்துக்கு மேல் இருந்தால் அவற்றில் ஒன்றை எடுங்கள் என்பேன். சோனியில் காதொலிப்பான் துளையும் இருப்பதால் பதிவாகும் ஒலியை அப்போதே கேட்கலாம். மற்ற இரண்டிலும் அது இல்லை. தம்பியிடம் அந்தப் பணம் இல்லை. பணம் சேரும்வரை காத்திருக்கவும் தாத்தாவின் வயது இடம் தராது.

தமிழ்ப்பள்ளி ஆசிரியை

இதில் நான் முழுமையாக உடன்படுகிறேன். எங்கள் பள்ளியில் பாட்டி தாத்தாவிடம் கதை கேட்டு வரச் சொல்லி மாணவர்களிடம் பணி கொடுத்தோம். சிலர் கைப்பேசியை மேசையில் வைத்து ஒலியை மட்டும் பதிவு செய்து வந்தார்கள். இன்று எங்களிடம் இருப்பவற்றில் மீண்டும் மீண்டும் கேட்கப்படுவது அவைதாம்.

தம்பி, கேமரா வரும்வரை தாத்தாவை நிறுத்தி வைக்காதீர்கள். அந்தக் காலர் மைக்கை மட்டும் இந்த வாரம் வாங்கி, கைப்பேசியில் தொடங்குங்கள். கேமரா வந்த பிறகு இன்னொரு முறையும் கேளுங்கள். பெரியவர்கள் இரண்டாம் முறை சொல்லும்போது முதல் முறை விட்டது வரும்.

இன்னொன்று. கேள்வி கேட்டுவிட்டு அவர் நிறுத்தியதும் அடுத்த கேள்விக்குப் பாயாதீர்கள். ஐந்து விநாடி அப்படியே இருங்கள். அந்த இடைவெளிக்குப் பிறகு வருவதுதான் பெரும்பாலும் அவர் உண்மையில் சொல்ல நினைத்தது.

சிப்புட் பேரன்

மிக்க நன்றி டீச்சர், நன்றி அண்ணா. தாத்தாவுக்கு 85 வயது ஆகிறது. அதனால் டீச்சர் சொன்னது நெஞ்சில் தைத்தது. மைக்கை இன்றே இணையத்தில் வாங்கச் சொல்லிவிட்டேன்.

வீட்டில் வெளிச்சம் குழல்விளக்குதான். கைப்பேசியில் முன்பு எடுத்த படங்களில் கருப்புப் பட்டைகள் மேலும் கீழும் ஓடுகின்றன. கேமராவிலும் அப்படி வருமா? பால்வெட்டுக்கு எந்த லென்ஸ்?

ஈப்போ ஒளி

வரும். சரிசெய்யவும் முடியும். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். குழல்விளக்கு விநாடிக்கு 100 முறை மினுங்குகிறது. கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். பல கேமராக்கள் என்டிஎஸ்சி (NTSC) அமைப்பில், விநாடிக்கு 30 சட்டகம், ஷட்டர் 1/60 என்று இருக்கும். 60 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள நாடுகளுக்கு அது பொருந்தும், நமக்குப் பொருந்தாது. மெனுவில் பிஏஎல் (PAL) என்ற முறைக்கு மாற்றி, 25 சட்டகம், ஷட்டர் 1/50 என்று வையுங்கள். பட்டை போய்விடும். கைப்பேசிச் செயலியிலும் இதே கணக்குதான். கோயிலில் ஓடும் வண்ண எல்இடி சரங்கள் மட்டும் எதற்கும் அடங்காமல் மினுங்கும். அவற்றைச் சட்டகத்துக்குள் பெரிதாக வைக்காதீர்கள்.

தாத்தாவைப் பதிவு செய்யும்போது குழல்விளக்கை அணைத்துவிட்டு, சன்னலுக்குப் பக்கவாட்டில் உட்காரவைத்தால் இன்னும் அழகாக இருக்கும். சன்னல் அவர் முதுகுக்குப் பின்னால் வரக்கூடாது, முகம் இருண்டுவிடும். விசிறியை நிறுத்துங்கள். புழுக்கமாகத்தான் இருக்கும், அதனால் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இடைவெளி விடுங்கள். 200டி எப்படியும் 29 நிமிடம் 59 விநாடியில் தானாக நின்றுவிடும், அதையும் நினைவில் வையுங்கள். தகரக் கூரையாக இருந்தால் பிற்பகல் மழைக்கு முன், காலையிலேயே முடித்துவிடுங்கள். தகரத்தில் மழை விழுந்தால் எந்த மைக்கும் காப்பாற்றாது.

பால்வெட்டுக்குக் கேனன் 24 மிமீ எஃப்/2.8 எஸ்டிஎம் என்ற தட்டை லென்ஸைப் பழையதாகத் தேடுங்கள். 16 சென்டிமீட்டர் வரை கிட்டே போகலாம். மரத்தடியில் அது எதற்கு என்று சொல்கிறேன். வெட்டுக்காரர் முந்தைய வெட்டில் உறைந்து கிடக்கும் பாலை விரலால் உரித்தெடுப்பார். கத்தியை வைத்து இழுத்ததும் பட்டை மெல்லிய சுருளாகக் கழன்று விழும். அந்தக் கோட்டின் மேல்நுனியில் முதல் பால் புள்ளி புள்ளியாகக் கசியும். பிறகு புள்ளிகள் சேர்ந்து ஒரே வெள்ளைக் கோடாகி, சரிவில் இறங்கி, தகரத் தும்பில் ஒரு கணம் தங்கி மங்குக்குள் சொட்டும். இவ்வளவும் ஒரு சாண் இடத்துக்குள் நடக்கிறது. தூரத்திலிருந்து எடுத்தால் ஒரு மனிதர் மரத்தைத் தொட்டுவிட்டுப் போவதுபோல்தான் தெரியும்.

பால் நன்றாக ஓடுவது குளிர்ச்சியில் என்பதால் விடியும் முன்பே வெட்டத் தொடங்கிவிடுவார்கள். அவர்கள் நெற்றியில் கட்டிய விளக்குதான் உங்கள் ஒளி. கேமராவை மேனுவலில் வையுங்கள். தானியங்கியில் விட்டால் சுற்றியிருக்கும் இருட்டைப் பார்த்துக் கேமரா பயந்து எல்லாவற்றையும் வெளுப்பாக்கிவிடும். பால் வெறும் வெள்ளைத் திட்டாகத் தெரியும். மரப்பட்டையின் வரிகள் தெரியும் அளவுக்கு வைத்துவிட்டு மற்றது இருட்டாகவே இருக்கட்டும். எஃப் எண் குறைந்தால் ஒளி கூடும். கிட் லென்ஸில் அது எஃப்/5.6 வரை ஏறிவிடும். 2.8-இல் அதைவிட நான்கு மடங்கு ஒளி கிடைக்கும்.

உறுமிச் சத்தம்

கோலகங்சார் பக்கம் உறுமி மேளக் குழுவில் வாசிக்கிறேன். எங்களை எடுக்க வருபவர்கள் எல்லாரும் செய்வது ஒன்றே: மேளத்துக்கு நேர் முன்னால் வந்து நிற்பார்கள். பிறகு வீட்டில் போய்ப் போட்டுப் பார்த்தால் ஒரே கரகரப்பு. ஒலி தானியங்கியில் இருந்தால் முதல் அடியில் கேமரா ஒலியைக் கீழே அமுக்கும். அடி ஓய்ந்ததும் மேலே ஏற்றும். கேட்பவருக்குப் பாட்டு மூச்சு வாங்குவதுபோல் இருக்கும். உறுமியில் வளைந்த குச்சியைத் தேய்க்கும்போது எழும் அந்த விம்மல்தான் எங்கள் மேளத்தின் உயிர். அதுதான் முதலில் காணாமல் போகும்.

ஒலி அளவைக் கையால் வையுங்கள். மேளம் உச்சத்தில் இருக்கும்போது அளவுகோல் கழித்தல் 12 டெசிபெலை ஒட்டி நிற்கவேண்டும். அப்படியும் முடியாவிட்டால் பத்தடி பக்கவாட்டில் நகருங்கள். இன்னொரு கைப்பேசியை நண்பரிடம் கொடுத்து மண்டபத்துத் தூணருகே ஒலியை மட்டும் பதிவு செய்யச் சொல்லுங்கள். தொகுக்கும்போது ஒருமுறை கைதட்டிய இடத்தை வைத்து இரண்டையும் பொருத்திவிடலாம்.

தைப்பிங் மழை

கைப்பேசி போதும் என்றேன். பால்வெட்டையும் தீமிதியையும் பற்றி நண்பர்கள் எழுதியதைப் படித்தபின், தம்பிக்குக் கேமரா தேவைதான் என்று ஏற்றுக்கொள்கிறேன். பழையது வாங்கப் போகிறார் என்பதால் என் பங்குக்கு ஒன்று சொல்லியாக வேண்டும். எங்கள் ஊர் மழைக்குப் பேர் போனது, லென்ஸில் பூஞ்சை பிடிப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

நேரில் போய்ப் பாருங்கள். கைவிளக்கு ஒன்று கொண்டு போங்கள். லென்ஸைக் கழற்றி, பின்பக்கமிருந்து விளக்கடித்து முன்பக்கமாகச் சாய்த்துப் பாருங்கள். சிலந்தி வலை நூல்போல் கிளைவிட்டிருந்தால் அது பூஞ்சை. எவ்வளவு விலை குறைத்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வாருங்கள். தூசி இரண்டு மூன்று இருந்தால் பரவாயில்லை. உங்கள் மைக்கைச் செருகிப் பேசிப் பதிவு செய்து, கம்பியை லேசாக அசைத்துப் பாருங்கள். பழைய கேமராவில் மைக் துளை தளர்ந்திருக்கலாம், விற்பவர் அதைச் சோதித்திருக்கவே மாட்டார். திரைக் கீலைத் திருப்பிப் பாருங்கள். கால் மணி நேரம் விடாமல் ஓடவிடுங்கள். பேட்டரி உப்பியிருக்கிறதா என்று பாருங்கள். ஏபி செட்டா (அதிகாரபூர்வ முகவர் வழியாக வராத இறக்குமதி), மலேசிய உத்தரவாதம் உள்ள செட்டா என்று கேளுங்கள். உத்தரவாதம் முடிந்திருந்தாலும் விலை பேச அது உதவும்.

வாங்கிய பிறகு துணி அலமாரியில் வைக்காதீர்கள். உலர்பெட்டி வாங்க வசதியில்லை என்றால், காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, நிறம் மாறும் சிலிக்கா ஜெல், சிறிய ஈரமானி மூன்றும் போதும். ஈரப்பதம் 40 முதல் 50 விழுக்காட்டுக்குள் நிற்கவேண்டும். அரிசியில் புதைத்து வைக்கச் சொல்வார்கள், செய்யாதீர்கள். தவிட்டுத் தூள் உள்ளே போகும். குளிர்சாதனக் காரிலிருந்து இறங்கியவுடன் பையைத் திறக்காதீர்கள், கண்ணாடி முழுக்க நீர் பூத்துவிடும். கால் மணி நேரம் பை வெளியே இருக்கட்டும்.

கிள்ளான் வாசி

கேமராவில் போடும் நினைவக அட்டையைப் பற்றி யாரும் சொல்லவில்லை. போலி அட்டைகள் நிறைய உலவுகின்றன. 128 ஜிபி என்று எழுதியிருக்கும், உள்ளே அவ்வளவு இருக்காது. நிறைந்த பிறகு எடுத்ததெல்லாம் போய்விடும். நம்பிக்கையான கடையில் வி30 (எழுதும் வேகக் குறி) என்று அச்சிட்ட 64 ஜிபி அட்டை இரண்டு வாங்குங்கள். வாங்கிய அன்றே முழுவதும் நிரப்பித் திறந்து பாருங்கள். ஜி7-ஐ விட்டுக்கொடுக்க இன்னும் மனமில்லை, ஆனாலும் குவியம் பற்றி அண்ணன் சொன்னதை மறுக்க முடியவில்லை.

தமிழ்ப்பள்ளி ஆசிரியை

அனுமதி விஷயத்தையும் மறக்க வேண்டாம். தோட்டத்துக்குள் நுழையுமுன் நிர்வாகத்திடம் ஒரு கடிதம் கொடுத்துவிடுங்கள். கோயிலுக்குத் தலைவரிடமோ செயலாளரிடமோ முன்கூட்டியே சொல்லுங்கள். அருள் வந்தவர்களின் முகத்தைக் கிட்டே எடுப்பதைச் சிலர் விரும்பமாட்டார்கள். வலையொளியில் ஏற்றுவதற்கு முன் அவரவரிடம் காட்டிக் கேட்பதுதான் முறை. பால்வெட்டுக்காரர்களுக்கும் அப்படியே. எடுத்ததை ஒரு விரலியில் (யூஎஸ்பி) போட்டு அவர்கள் வீட்டில் கொடுங்கள்.

சிப்புட் பேரன்

மைக் வந்துவிட்டது. நேற்றுக் காலை தாத்தாவை வாசல் சன்னலோரம் உட்காரவைத்துக் கைப்பேசியில் தொடங்கினேன். 25 சட்டகம், 1/50. பட்டை இல்லை. ஐயா அம்மா யாரும் பக்கத்தில் வரக்கூடாது என்று அவரே சொல்லிவிட்டார். டீச்சர் சொன்னபடி பேசாமல் இருந்தேன். அவசரகாலத்தில் லயத்திலிருந்து மூட்டை முடிச்சோடு கம்பி வேலிக்குள் குடியேறிய நாளைச் சொல்லி நிறுத்தினார். பிறகு, இதுவரை எங்களிடம் சொல்லாத ஒன்றைச் சொன்னார்: அன்று அவருடைய அம்மா அம்மிக்கல்லை விடமாட்டேன் என்று தூக்கிக்கொண்டு நடந்தாராம். குரல் தெளிவாக இருக்கிறது. பின்னால் சேவல் கூவுவதும் கேட்கிறது, அது இருக்கட்டும்.

ஈப்போவில் ஒருவர் 200டி-யும் 24 மிமீ லென்ஸும் சேர்த்துத் தருவதாகச் சொல்கிறார். சனிக்கிழமை கைவிளக்கோடும் மைக்கோடும் போகிறேன். பணத்தில் மிஞ்சுவதில் டிரைபாட், அட்டை இரண்டு, டப்பா. தீமிதிக்குத் தூர லென்ஸ் இல்லையே என்பதுதான் இப்போதைய கவலை.

ஈப்போ ஒளி

அதற்கென்று இப்போது எதையும் வாங்காதீர்கள். என்னிடம் 55-250 லென்ஸ் ஒன்று சும்மா இருக்கிறது, திருவிழா வாரத்துக்குக் கொண்டு போங்கள். தீமிதியில் குழிக்கு எதிர்முனையில் இடம் பிடியுங்கள். இறங்குபவர் உங்களை நோக்கி வருவார், பின்னால் கூட்டத்தின் முகங்களும் கிடைக்கும். டிரைபாடின் கால்களை விரிக்க இடம் இருக்காது, மூன்றையும் சேர்த்து ஒற்றைக் காலாக ஊன்றிக்கொள்ளுங்கள். சனிக்கிழமை எத்தனை மணிக்கு வருகிறீர்கள் என்று தனிச்செய்தியில் சொல்லுங்கள், நானும் வந்து கேமராவைப் பார்க்கிறேன்.

உறுமிச் சத்தம்

கேமரா கைக்கு வந்ததும் எங்கள் ஒத்திகைக்கு வாருங்கள் தம்பி. வெள்ளிக்கிழமை பூசை முடிந்து எட்டரைக்கு மேல் கோயில் மண்டபத்தில் வாசிப்போம். குழல்விளக்கு, எதிரொலி, சத்தம் எல்லாம் திருவிழாவில் இருப்பதுபோலவே இருக்கும். நீங்கள் ஒலி அளவைச் சரிபார்த்து முடிக்கும்வரை ஒரே பாட்டைத் திரும்பத் திரும்ப வாசிக்கிறோம்.